தப்பில்லாமல் எழுதியதற்குப் பூஜ்யம்

செவ்வாய், இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிரெஞ்சு வகுப்பில் ‘அறிவு என்றால் என்ன?’ என்று கட்டுரை கொடுத்திருந்தேன். என் மாணவி ஸ்டெல்லா எழுதியதை, ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளில் துறையில் போட்டுப் பார்த்தார்கள். இது மனிதர் எழுதியதல்ல என்று அது சொல்லிவிட்டது. துறைத்தலைவர் உடனே பூஜ்யம் போடச் சொன்னார்.

“சார், அவ அப்பா பிரெஞ்சு மிலிட்டரியில இருந்தவரு. அவரோட பென்ஷனுக்குப் பிரான்சுலேர்ந்து வர்ற ஆபீஸ் கடிதத்துக்கெல்லாம் சின்ன வயசுலேர்ந்து இவதான் பதில் எழுதறா. அதான் அவ பிரெஞ்சு ஒரு தப்பில்லாம அப்படி விறைப்பா இருக்கு. கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்க, தெரிஞ்சிடும்.”

“மெஷினே சொல்லிடிச்சி மேடம். அதைவிட நமக்குத் தெரியுமா?”

மனுஷர் கட்டுரையைப் படிக்கக்கூட இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதுதான் அறிவு என்று அதில் எழுதியிருந்தாள். அந்த மெஷினுக்கு அது வராது. இவருக்கும் வராது. இந்த லட்சணத்தில் அவளுக்கு அறிவு இருக்கிறதா என்று இரண்டும் சேர்ந்து தீர்ப்புச் சொல்கின்றன!

கடைசியில், வேண்டுமானால் மறுபடி எழுதித் தரட்டும் என்றார், ஏதோ தர்மம் செய்கிறவர் போல.

லாஸ்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை.

“மேடம், இந்தத் தடவ கொஞ்சம் தப்பு வெச்சி எழுதட்டுமா? அப்ப நம்புவாங்களா?”

கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் பாஸாக வேண்டுமே. எந்தெந்த இடத்தில் தப்பு விடலாம் என்று அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தேன்.

கெட்டிக்காரப் பெண். பஸ் வருவதற்குள் பிடித்துக்கொண்டாள்.