இருட்டறையில் ஒரு சிவப்பு பல்பு

அன்புள்ள அக்காவுக்கு,

ஆய்வுக்கூடத்துத் தங்கச்சி எழுதுகிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? உங்கள் மகள் வீடு மூன்றாவது மாடி என்று கேள்விப்பட்டதிலிருந்து அதே நினைப்புதான். ஸ்டோர் அண்ணனிடம் கெஞ்சித்தான் முகவரி வாங்கினேன். என் எழுத்தைப் பார்த்ததுமே நீங்கள் கிழித்துப் போட்டாலும் ஆச்சரியமில்லை என்றார். கிழிப்பதானால் கடிதத்தைக் கிழியுங்கள். கூட மடித்து வைத்திருக்கும் தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாம் பழையபடிதான். உங்கள் நாற்காலி மெத்தைக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், கடைசியில் பேராசிரியரே அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. உங்கள் வேலையையும் நான்தான் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று பேர், பாதி தட்டுகளைக் கீழே போட்டு உடைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இருட்டறையில் அந்தச் சிவப்பு பல்பு ஃப்யூஸ் போனது. ஸ்டோர் அண்ணனைத்தான் தெரியுமே, ஒரு பல்புக்கு மூன்று வாரம் ஆக்கினார். பொறுமையில்லாமல் நானும், பல்பு மாட்டுவதற்கு முன் நீங்கள் செய்ததைப் போலவே, கும்மிருட்டில் தட்டின் குழிகளை விரலால் தடவி எண்ணி மருந்தை விட்டேன். மறுநாள் நீலச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு செல்கூட நீலமாகவில்லை. அத்தனையும் உயிரோடு இருந்தன.

உங்களுக்குத் தெரியாததில்லை. நம் இலைப்பச்சை மருந்து செல்லின் சவ்வுக்குள் போய், அங்கிருக்கும் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். வெளிச்சம் பட்டால்தான் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை உசுப்பிவிடும். அது சவ்வை அரித்து ஓட்டை போட, செல் செத்துச் சாயம் உள்ளே புகுந்துவிடும். உடம்பில் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் காட்டி வைத்தியம் பார்க்கலாம் என்பதுதானே நம் எல்லாருடைய ஆசையும். அதனால்தான் இருட்டிலேயே இருந்த தட்டுகளும் நீலமானபோது இங்கே எல்லாருக்கும் தலையில் இடி விழுந்தது. வெளிச்சம் புகாதபடி நீங்கள் தட்டுகளில் ஃபாயிலைச் சரியாகச் சுற்றவில்லை என்று அறிக்கையில் எழுதியவள் நான். ஒரே வாரத்தில் உங்களை அனுப்பிவிட்டார்கள்.

புது பல்பு வந்ததும் ஒரு தட்டை அதற்குக் கீழேயும் இன்னொன்றை முழு இருட்டிலும் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை செய்தேன். பல்புக்குக் கீழே இருந்தது மூன்று தடவையும் நீலம். பள்ளிக்கூடத்துப் பாடம் அக்கா இது. சிவப்பு வெளிச்சத்தைக் குடித்துவிட்டுப் பச்சையைத் திருப்பி அனுப்புவதால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது. அந்த இலையிலிருந்து எடுத்த மருந்தைக் கொண்டுபோய்ச் சிவப்பு பல்புக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் படிப்பை எந்த அடுப்பில் போடுவது?

இருட்டறை ஸ்டூலில் நீங்கள் முட்டியை இடித்துக்கொண்ட மறுநாள் நான்தான் அந்த பல்பை மாட்டினேன். போட்டோ கழுவும் இடத்தில் இதைத்தான் வைப்பார்கள், ஒன்றும் ஆகாது என்றேன். நீங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “செவப்பா இருந்தாலும் அதுவும் வெளிச்சம்தானேம்மா?” என்றீர்கள். நான் சிரித்தேன்.

இன்று காலை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடந்தது நடந்துவிட்டது, ஏன் கிளறுகிறாய், புது அளவுகளை மட்டும் எழுதிக் கொடு என்றார். நான் கேட்கவில்லை. பழைய அறிக்கை தவறு, அந்தத் தவறு என்னுடையது, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதி அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். உள்ளே இருப்பது அதன் நகல். எங்கே வேலை கேட்டாலும் காட்டுங்கள். அடுத்த வருஷம் எனக்கு இங்கே இடம் இருக்குமா என்று தெரியாது. அது என் பாடு.

அவரிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. உங்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட அன்று ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்களே, அந்த நிமிஷமே எனக்கு நீங்கள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்துவிட்டது. பல்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு தட்டு வைத்துப் பார்த்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும். வைக்கவில்லை. மாட்டியது நான் என்று வெளியே வந்துவிடுமே என்ற பயம். நான்கு மாதம் அதை மூடியே வைத்துவிட்டேன்.

ஆனால் நீங்களும் அன்று பல்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் அக்கா? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா?

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் கோட் அதே ஆணியில்தான் தொங்குகிறது. பல்பைக் கழற்றி எறிந்துவிட்டேன். ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திவிட்டேன், இனி யார் முட்டியிலும் இடிக்காது. அன்றைக்கே அதை மட்டும் செய்திருக்கலாம்.

படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

உங்கள் பதிலுக்காகத் தினமும் தபால் பெட்டியைப் பார்க்கப்போகும்,
தங்கச்சி