அண்ணன் நம்பருக்குப் போன ஓடிபி

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

கொட்டகையைத் திறந்து தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். ஒன்றரை வருடத் தூசி. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைக்காரத் துரை வண்டி: பெரிய வட்ட விளக்கு, பக்கவாட்டில் ஸ்பேர் டயர், திறந்த கூரை. உள்ளே பழைய மாருதி ஆம்னிதான். அண்ணன் வேல்முருகன் அதை அறுத்து, தகடு வளைத்துக் கட்டிய கல்யாணக் கார். ஸ்டியரிங்கில் அவன் கை பட்ட கறுப்பு இன்னும் இருக்கிறது. துடைக்கவில்லை.

மாமா மகன் அறிவரசனுக்கு 29-ம் தேதி கல்யாணம். முதல்நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேண்டும், அதுவும் பெரிய தெரு வழியாக என்கிறான். நான் ஓட்டுகிறேன் என்றேன். அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

12 ஆகஸ்ட்

எழுதிவிடுகிறேன், மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன வருடம் மாசியில் இதே வண்டியில் எங்கள் தெரு மாப்பிள்ளை ஒருவன் எங்கள் ஊர்வலத்தை நுழைய விடாத பெரிய தெருவின் முனை வரை போனான், அண்ணன்தான் ஓட்டினான். போலீஸ் நிறுத்தியது. சாதி என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. "பொகை சர்டிபிகேட் எங்கப்பா?" அவ்வளவுதான். இல்லை. வண்டி திரும்பியது.

மறுநாள் காலை அந்தச் சர்டிபிகேட்டை விசாரிக்கத்தான் அண்ணன் பைக்கில் அரியலூர் போனான். வழியில் சுண்ணாம்புக்கல் லாரி அடித்துவிட்டது. அந்த லாரிக்கு எல்லாப் பேப்பரும் சரியாக இருந்தது. புகை சர்டிபிகேட் உட்பட.

15 ஆகஸ்ட்

கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். பெரிய தெருவில்தான்.

18 ஆகஸ்ட்

பெரம்பலூர் புகை டெஸ்ட் கடை. கடைக்காரர் கோகுலகிருஷ்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஆர்சியில ஆம்னின்னு இருக்கு. இது என்னம்மா, ராஜா வண்டி?"

"மேலதாங்க ராஜா. உள்ள ஆம்னிதான்."

சிரித்தார். சைலன்சரில் குழாயைச் சொருகியதும் சிரிப்பு நின்றது. இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு புகை. "குழாயை வேற வண்டியில சொருகி எடுத்துடவா? எல்லாரும் பண்றதுதான்" என்றார். வேண்டாம் என்றேன். மற்றவர்களுக்குக் கள்ளச் சர்டிபிகேட்டும் செல்லும். நாங்கள் நிஜத்தையே நீட்டினாலும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள்.

21 ஆகஸ்ட்

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருந்தது. ஏர் ஃபில்டர் புதிது, ஆயிலும் புதிது. சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்தது, அவன் ஸ்டார்ட் செய்யும்போது இருமுகிற மாதிரியே.

அம்மா ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

யாரைத் தேடி ஓடி வந்தாள் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

25 ஆகஸ்ட்

புகை டெஸ்டில் பாஸ்.

"ஓடிபி சொல்லும்மா. ஆர்சியில இருக்குற நம்பருக்குப் போயிருக்கு" என்றார் கோகுலகிருஷ்ணன்.

அண்ணன் நம்பர். "அது இப்ப இல்லைங்க. ஆளும் இல்ல" என்றேன்.

"போயிடுச்சுன்னு காட்டுதே?"

என் போனிலிருந்து கூப்பிட்டேன். ரிங் போனது. யாரோ எடுத்தார்கள். எடுத்தது யார்? மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ம்."

அம்மா. மாதாமாதம் கடைக்குப் போய் ரீசார்ஜ் பண்ணியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது!

"அம்மா, மெசேஜ் வந்திருக்கும் பாரு. அதுல இருக்குற நம்பரைப் படி."

"அந்த வண்டிக்கா?"

"ஆமா."

"அந்தக் காயிதத்துக்குத்தானடி அவன் போனான். ஒன்னையும் அனுப்பவா?"

"நீ படிக்கலன்னா அவன் போனதுக்கு என்னம்மா அர்த்தம்?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். கோகுலகிருஷ்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்து, "டைம் போவுதும்மா" என்று மெல்லச் சொன்னார். போனைக் காதோடு அழுத்தினேன். வைத்துவிட்டாளோ? அப்புறம் அம்மா ஒவ்வோர் எண்ணாக, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி படித்தாள்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "இது ஆறு மாசத்துக்குத்தான். அதுக்குள்ள ஒங்க நம்பரை மாத்திடும்மா. வண்டிதான் அவர் பேர்ல இருக்கு, ஓடிபியாவது ஒங்களுக்கு வரட்டும்."

சரி என்றேன்.

28 ஆகஸ்ட்

அதே முனை. அதே போலீஸ்காரர். அதே கேள்வி. நீட்டினேன். இரண்டு முறை படித்தார். ஆர்சியையும் வாங்கிப் பார்த்தார்.

"வேல்முருகன் யாரு? எங்க அந்தாளு?"

"இந்தக் காயிதம் கொண்டாரச் சொல்லி நீங்கதானே சார் அனுப்புனீங்க."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஒதுங்கி நின்றார்.

பெரிய தெருவில் வாசல் விளக்குகளை எல்லாம் அணைத்து வைத்திருந்தார்கள். அணைக்கட்டும். அண்ணன் வைத்த வட்ட விளக்கு இரண்டும் தெருக் கடைசி வரை எரிந்தன. அறிவரசன் பின்னால் நின்றபடி கும்பிட்டுக்கொண்டே வந்தான், மூடிய கதவுகளுக்கு. என் பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை.

30 ஆகஸ்ட்

நம்பரை மாற்றலாம் என்று காலையில் ஆர்சியை எடுத்தேன். அம்மா அண்ணன் போனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் விரிசல். அந்த ஓடிபி மெசேஜ் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது.

"இவ்வளவு நாள்ல சும்மா கம்பெனிக்காரன் மெசேஜ்தான் வந்துச்சு. இதுதான் அவனுக்குன்னு வந்தது" என்றாள். விரிசலை விரலால் தடவிக்கொண்டே, "ஆறு மாசம் கழிச்சு மறுபடி வருமா?"

"வரும்மா."

ஆர்சியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். அம்மா எழுந்து போய் போனை சார்ஜில் போட்டாள்.