தேவகி அக்கா அனுப்பாத பத்திரிகை

நவ. 11, செவ்வாய்

விடியும்போதே மழை. மாடியில் காயப்போட்ட துணி மொத்தமும் போச்சு. ஆவடி பஸ் ஸ்டாண்டு வாசலில் முழங்கால் தண்ணி. பூந்தமல்லியில் பஸ் மாறி வேலப்பன்சாவடி காலேஜுக்குப் போய்ச் சேர லேட். கண்காணிப்பாளர் ஒண்ணும் சொல்லலை. அவரே சொட்டச் சொட்ட நின்னுட்டிருந்தார்.

பஸ்ஸில் நிக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். எதிர் பிளாக் தேவகி அக்கா நம்பர். "எங்கள் இல்லத் திருமணம். பத்திரிகையைத் திறந்து பார்த்துக் குடும்பத்துடன் அவசியம் வரவும்." கீழே ஒரு பைல். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் குரூப்பிலும் அதே.

யாருக்குக் கல்யாணம்? அக்கா வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. அவர் போனதும் ஃபேக்டரியில் அக்காவுக்கு வேலை குடுத்தாங்க, கணக்குப் பிரிவில். மகள் யாழினி இப்பதான் பதினொண்ணாவது. அந்த வீட்டில் வேற ஆளே கிடையாது.

தொட்டேன். பிள்ளையார் இல்லை, மஞ்சள் ஓரம் இல்லை. இந்த ஆப்பை நிறுவவான்னு போன் கேட்டுது. பத்திரிகையை எதுக்கு நிறுவணும்? வேண்டாம்னு அழுத்தினேன். ஆனா மனசு விடலை.

மத்தியானம் சாப்பிட்டுட்டு லேப் பிரபாகர்கிட்ட காட்டினேன். காலேஜ் கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. பார்த்ததுமே சிரிச்சார்.

"பேரோட கடைசி மூணு எழுத்தைப் பாருங்க மேடம். ஏபிகே. பத்திரிகைன்னா போட்டோவா வரும், இல்ல பிடிஎஃப்பா வரும். இது ஆப்."

"திறந்தா என்ன ஆகும்?"

"பார்க்கணுமா?"

பார்க்கணும்னேன். சிம் இல்லாத பழைய போன் ஒண்ணு வச்சிருந்தார். அதில் போட்டார். முதலில் மெசேஜ் படிக்கலாமான்னு கேட்டுது. அப்புறம் போன் நம்பர் எல்லாம் பார்க்கலாமா. அப்புறம் வேற ஏதோ. பிரபாகர் சரி, சரி, சரின்னு அழுத்திக்கிட்டே போனார். கடைசியில் திரை ஒரு தடவை வெளுத்துது, அவ்வளவுதான். பத்திரிகையும் வரலை. ஆப் படமும் மறைஞ்சு போச்சு. உள்ளே உட்கார்ந்துக்கிச்சாம்.

"கல்யாணப் பத்திரிகை எதுக்கு மேடம் உங்க எஸ்எம்எஸ் படிக்கணும்? பேங்க்ல இருந்து ஓடிபி வரும்ல, அதுக்குத்தான். இதெல்லாம் வீட்ல செஞ்சு பார்த்துறாதீங்க." சொல்லிட்டு அந்தப் போனை மொத்தமா அழிச்சார்.

இன்னொண்ணும் சொன்னார். அனுப்பினது அக்கா இல்லை, அக்கா போன். அவங்களுக்கே தெரியாதாம்.

ஃபேக்டரிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாதுன்னு அக்கா வீட்டிலேயே வச்சிட்டுப் போவாங்க. பூட்டின வீட்டில், பிரிட்ஜ் மேல உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் கல்யாணம் சொல்லிட்டிருந்திருக்கு. வீடு வர்ற வரைக்கும் இதையே நினைச்சிட்டு வந்தேன்.

சாயங்காலம் குவார்ட்டர்ஸ் கேட் பக்கத்தில் பூ வாங்கும்போது ரெண்டு பொம்பளைங்க மெல்லிசாப் பேசிக்கிட்டாங்க.

"தேவகிக்கேதானாம்."

"வயசுப் பொண்ண வச்சிக்கிட்டா?"

பூக்கார கஸ்தூரி மொழத்தை அளந்துகினே சொன்னா: "இன்னாக்கா தப்பு? அது வயசு இன்னா ஆயிடுச்சு? ஊட்ல ஒரு ஆளு தொணைக்கு வேணாவா? நான் கட்டித் தரேன் மாலை."



குரூப்பில் "யாரும் திறக்காதீங்க, வைரஸ்"னு போடலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள வரிசையா வாழ்த்துகள். அதுக்குக் கீழே தே. அக்கா பதில்: "நன்றி. எல்லாம் உங்க ஆசி."

கை நின்னு போச்சு. அப்ப நிஜமா? நிஜமான கல்யாணத்தை நான் போய் வைரஸ்னு சொன்னா எப்படி இருக்கும்? போன் போட்டேன், எடுக்கலை. போய்ப் பார்த்தேன், வீடு பூட்டு. யாழினியை டியூஷன் விடப் போயிருப்பாங்க.

போடாமலே வச்சிட்டேன்.

நவ. 12, புதன்

மழை விடலை. காலேஜ் லீவு. ஃபேக்டரிக்கு லீவு கிடையாது. அக்கா கிளம்புறதுக்குள்ள பிடிக்கணும்னு குடையோட ஓடினேன். குக்கர் விசில் அடிச்சிட்டிருந்துது. யாழினி தலைக்கு எண்ணெய் வச்சிட்டு உட்கார்ந்திருந்தா.

"அக்கா, யாருக்குக் கல்யாணம்?"

"எந்தக் கல்யாணம்?"

"பத்திரிகை அனுப்பியிருக்கீங்களே."

"நானா? என்ன செல்வி, காலங்காத்தால."

"எல்லாரும் வாழ்த்து சொன்னாங்க. நன்றின்னு போட்டீங்க."

"அது நான் டிபார்ட்மென்ட் பரீட்சை பாஸ் பண்ணினதுக்குடி. திங்கட்கிழமைதானே ரிசல்ட் வந்துச்சு. எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுதுன்னு நானே யோசிச்சேன்."

என் போனில் குரூப்பைத் திறந்து மேலே தள்ளிக் காட்டினேன். அக்கா பேர், அக்கா போட்டோ, கீழே பத்திரிகை. படிச்சாங்க. திரும்பப் படிச்சாங்க. அப்படியே தரையில் உட்கார்ந்துட்டாங்க. குக்கரை நான்தான் அணைச்சேன்.

"எனக்குன்னா நினைச்சாங்க எல்லாரும்?"

யாழினி எண்ணெய்க் கையோட எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டிருந்தா.

எப்படி வந்துதுன்னு கேட்டேன். போன சனிக்கிழமை சித்தி பையன் நம்பரிலிருந்து இதே பத்திரிகை. அந்த வீட்டில் கல்யாண வயசில் பொண்ணு இருக்கு. சந்தேகமே வரலையாம். "என்னென்னமோ கேட்டுது, எல்லாத்துக்கும் சரின்னு அழுத்தினேன். ஒண்ணும் வரலை. நெட் இல்லைன்னு விட்டுட்டேன்." அதிலிருந்து போன் சுடுதாம், சார்ஜ் நிக்கலையாம். பழசாயிடுச்சுன்னு நினைச்சாங்களாம்.

தொட்டுப் பார்த்தேன். இட்லித் தட்டு மாதிரி சூடு.

அரை நாள் லீவு சொல்லச் சொன்னேன். பிரபாகரை என் போனில் கூப்பிட்டு அவர் சொல்லச் சொல்லச் செஞ்சோம். முதலில் ஏரோப்ளேன் மோடு. அப்புறம் செட்டிங்ஸில் ஆப் பட்டியல். பட்டியலில் பேரே இல்லாமல், வெறும் வெள்ளைக் கட்டமா ஒண்ணு. அதுதான். அழுத்தினா போகலை. ஏதோ அனுமதி குடுத்து வச்சிருக்கு, அதை முதல்ல எடுங்கன்னார். தேடி எடுத்தோம். அப்புறம் போச்சு. நெட்டைத் திரும்பப் போட்டோம். வாட்ஸ்அப்பில் இணைச்ச சாதனங்கள்னு ஒரு இடம் இருக்கு, எனக்கு இத்தனை நாள் தெரியாது. அக்கா கணக்கில் யாரோட கம்ப்யூட்டரோ ஒண்ணு. எந்த ஊர், யார், ஒண்ணும் தெரியலை. இந்த நிமிஷம் எங்கேயோ ஒருத்தன் உட்கார்ந்து, பரீட்சை பாஸ் பண்ணின இந்தம்மாவோட மெசேஜைப் படிச்சிட்டிருக்கான். வெளியேத்தினோம். புது பின் போட்டோம். பேங்குக்குச் சொல்லி ஆன்லைனை நிறுத்தியாச்சு. நல்லவேளை பணம் எதுவும் போகலை. போனை ஒரு தடவை மொத்தமா அழிச்சிடுறது நல்லதுன்னு பிரபாகர். சனிக்கிழமை செய்யணும்.

அதுக்கப்புறம்தான் அக்கா தனித்தனியா வந்த பதிலை எல்லாம் படிக்க ஆரம்பிச்சாங்க. வாய்விட்டு.

"நல்ல முடிவு தேவகி." இது அவங்க பிரிவு அதிகாரியம்மா.

"ரொம்ப சந்தோஷம்க்கா, யாழினிக்கும் நல்லது."

"இத்தனை வருஷம் தனியா பட்டது போதும்."

"சாம்பார் நான் வைக்கிறேன்." மூணாவது மாடி மாமி.

ஒருத்தர் மட்டும் ஏதோ போட்டு அழிச்சிருந்தார். என்ன போட்டிருப்பார்னு எனக்கு இப்பவும் அரிக்குது.

அக்கா திரும்ப மேலேயிருந்து தள்ளிப் பார்த்தாங்க. "யாரும் சிரிக்கலையே செல்வி."

மறுப்பு போடணும்ல. நான்தான் எழுதினேன்: "என் போனில் வைரஸ் புகுந்து அந்த மெசேஜ் போயிருக்கிறது. யாரும் திறக்க வேண்டாம். திறந்தவர்கள் உடனே சொல்லவும். எனக்குத் திருமணம் எதுவும் இல்லை."

அக்கா வாங்கிப் படிச்சாங்க. கடைசி வரியை அழிச்சாங்க. அழிச்சிட்டுத்தான் அனுப்பினாங்க.

ஏன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துது. யாழினி இருந்தா.

நவ. 13, வியாழன்

மழை இல்லை. வெயில்கூட அடிச்சுது. மறக்கக் கூடாதது: காஸ் புக் பண்ணணும், பையன் ஷூ, துவரம்பருப்பு.

காலையில் எங்க வீட்டுக்காரருக்கு அருப்புக்கோட்டையிலிருந்து போன். இவரோட அக்கா. ஸ்பீக்கர் போடாமலே சமையல்கட்டு வரைக்கும் கேட்டுது.

"ஏன்டா, வீட்டுல விசேஷத்த வச்சுக்கிட்டு போன்லயா பத்திரிகை அனுப்புவ? வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லாமப் போச்சா?"

"என்ன விசேஷம்? இங்க யாருக்கும் கல்யாணம் இல்லக்கா."

"அப்புறம் எதுக்குடா அனுப்புன? உன் மகன் எட்டாப்புத்தானே படிக்கான்? உனக்கா கல்யாணம்?"

நான் வெளியே வந்து இவரைப் பார்த்தேன். இவர் காலண்டரைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே திறந்திருக்கார். ஒண்ணும் வரலைன்னதும் இன்னொரு தடவையும் திறந்திருக்கார். நேத்து நான் வந்து வைரஸ் கதை மொத்தமும் சொன்னேனே, வாயைத் திறக்கலை.

"சொன்னா திட்டுவேன்னு விட்டேன்."

"திட்டுறதுக்குப் பயந்து சம்பளக் கணக்கையே திறந்து வச்சிட்டு உட்கார்ந்திருந்தீங்களா?"

"தேவகி பேர் போட்டு வந்துது. பொம்பளைப் பிள்ளை தனியா இருக்குது, கல்யாணம்னா மொய், செய்முறை செய்யணும்ல, நாள் என்னைக்குன்னு பார்க்கத் திறந்தேன்."

கோபம் பாதியில் நின்னுடுச்சு. நாள் பார்க்கத் திறந்திருக்கார். நான் வம்புக்குத் தொட்டேன், உண்மையைச் சொன்னா. தப்பினது நான், மாட்டினது இவர்.

ஏரோப்ளேன் மோடு, வெள்ளைக் கட்டம், அனுமதி, பேங்க். இந்தத் தடவை பிரபாகரைக் கூப்பிடாமலே செஞ்சேன். இவர் பக்கத்தில் நின்னு எட்டி எட்டிப் பார்த்துட்டே இருந்தார். பணம் பத்திரம். அருப்புக்கோட்டைக்கு மட்டும் இன்னும் கோபம் தீரலை.

செவ்வாய்க்கிழமையே நான் குரூப்பில் ஒரு வரி போட்டிருந்தா இது வந்திருக்காது. அடுத்தவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமோன்னு யோசிச்சு நின்னதில்தான் இதெல்லாம். இதை அனுப்புற திருடன்களுக்கும் நம்மோட இந்தத் தயக்கம் தெரியும்போல. கல்யாணம்னா யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டோம்னு.

நவ. 14, வெள்ளி

காலேஜில் நாலு பேர் போன் கொண்டு வந்து காட்டினாங்க. கல்யாணம் இல்லையாம், மின்கட்டணம் கட்டலைன்னு லிங்க். ஒண்ணையும் தொடாதீங்க, அனுப்பினவங்களுக்குப் போன் போட்டுக் குரலைக் கேளுங்கன்னு சொன்னேன். பிரபாகர் தூரத்திலிருந்து கும்பிடு போட்டார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் தே. அக்கா எனக்காக நின்னுட்டிருந்தாங்க. ஃபேக்டரியிலிருந்து நேரா. நடந்தே போகலாம்னாங்க. சேறு. ரெண்டு பேரும் சேலையைத் தூக்கிப் பிடிச்சிட்டு நடந்தோம்.

"ஃபேக்டரி ஸ்டோர்ஸ்ல கோவிந்தராஜுன்னு ஒருத்தர் இருக்கார், தெரியுமா?"

தெரியாது.

அக்காவே சொன்னாங்க. கள்ளிக்குப்பத்தில் தன்னோட அக்கா குடும்பத்தோட இருக்காராம். மனைவி தவறிட்டாங்க, பிள்ளை இல்லை. கணக்குப் பிரிவுக்குப் பில் கொண்டு வர்றவர். போன வருஷம் நேராவே கேட்டிருக்கார், உங்களுக்குச் சம்மதம்னா என் அக்காவை அனுப்புறேன்னு. இவங்க முடியாதுன்னுட்டாங்க.

"பிடிக்கலையா?"

"குவார்ட்டர்ஸ்ல என்ன பேசுவாங்கன்னு. யாழினி ஸ்கூல்ல என்ன சொல்லுவாங்கன்னு. அவர்கிட்ட அதைச் சொல்லலை. முடியாதுங்கன்னு மட்டும் சொன்னேன்."

அவர் நம்பருக்கும் பத்திரிகை போயிருக்கு. இன்னைக்கு பில் கொடுத்துட்டு, போகாமல் நின்னாராம். அப்புறம் கேட்டாராம்: "மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்க?"

"மாப்பிள்ளை இல்லைங்க. வைரஸ்."

அவருக்குப் புரியலை. இவங்க முதலிலிருந்து சொல்லியிருக்காங்க. சித்தி பையன், வெள்ளைக் கட்டம், நான், எல்லாம். சொல்லி முடிச்சிட்டு, உங்க போனுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு பதறிக் கேட்டிருக்காங்க.

"நான் திறக்கலை."

"ஏபிகேன்னு பார்த்தீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. திறக்க மனசு வரலை. அப்புறம் நீங்க அனுப்பின எதையும் பார்க்கலை."

மறுப்பு அனுப்பினதையும் படிக்கலை. மூணு நாளா அந்த மனுஷன் அக்காவுக்குக் கல்யாணம்னே நினைச்சு வேலை பார்த்திருக்கார்.

அக்கா இதைச் சொல்லும்போது சேற்றில் நின்னுட்டாங்க. பின்னாடி ஆட்டோ ஹாரன் அடிச்சான். நகரவே இல்லை. "யக்கா, பேச எடம் கெடைக்கலையா" மாதிரி ஏதோ சொல்லிட்டு அவனே ஒதுங்கிப் போனான்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"யாழினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

அந்தக் கடைசி வரியை ஏன் அழிச்சாங்கன்னு இனிமே கேட்க வேண்டியதில்லை.

நவ. 15, சனி

தே. அக்கா போனை மொத்தமா அழிச்சு புதுசாக்கினோம். போட்டோ எல்லாம் முதலிலேயே யாழினி எடுத்து வச்சிட்டா. அக்கா தண்ணி பிடிக்கக் கீழே போனதும் அவளா ஆரம்பிச்சா.

"அத்தை, அம்மா நேத்து கேட்டாங்க."

"ம்."

"செவ்வாய்க்கிழமை குரூப்ல வந்ததை நான் அன்னைக்கே பார்த்தேன். அம்மாவே சொல்லட்டும்னு இருந்தேன். புதன்கிழமை நீங்க வந்து வைரஸ்னு சொன்னீங்க."

"கல்யாணம் இல்லைன்னதும் நிம்மதியா இருந்திருக்கும்."

தலையாட்டினா, இல்லைன்னு. "கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு. நான் அடுத்த வருஷம் பன்னெண்டாவது முடிச்சு ஹாஸ்டல் போயிட்டா இவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்கு எப்பவும் இருக்கும்."

போனில் ஆப் ஏறுற வட்டத்தையே ரெண்டு பேரும் பார்த்துட்டிருந்தோம்.

நவ. 16, ஞாயிறு

தூறல். தே. அக்கா வரச் சொல்லி, கோவிந்தராஜோட அக்கா மட்டும் வந்தாங்க, தம்பி வரலை. முகப்பேரில் ஒரு விசேஷம் முடிச்சிட்டு அப்படியே வந்ததா சொன்னாங்க. பொய்யாத்தான் இருக்கும், கையில் பழமும் பூவும் இருந்துது. கேசரி நான் கிண்டினேன். கொஞ்சம் இறுகிப் போச்சு.

அந்தம்மா வீட்டைப் பார்க்கலை, யாழினி படிப்பைக் கேட்டாங்க, அக்கா வேலையைக் கேட்டாங்க. அப்புறம் டம்ளரைக் கீழே வச்சாங்க.

"என் தம்பி வீட்ல வாயே திறக்க மாட்டான். சாப்பாட்டுக்கு உப்பு இல்லைன்னாகூடச் சொல்ல மாட்டான். உங்களுக்கு அது சரிப்படுமாம்மா?"

தே. அக்கா யாழினியைப் பார்த்தாங்க. யாழினி அந்தம்மாவைப் பார்த்தா.

"எங்ககிட்ட பேசுவாருங்க," அப்படின்னா யாழினி. "நாங்க பேச வைக்கிறோம்."

'நாங்க'. தே. அக்கா சட்டுனு எழுந்து உள்ளே போயிட்டாங்க. சமையல்கட்டில் குழாய் திறந்த சத்தம் மட்டும் ரொம்ப நேரம்.