செங்காயிக்கு ஒரு சால்வை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். நூலகத்தின் நான்கு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது. அதுவும் யாரும் உட்காராத மூலையில்.

முதுகலை புராஜெக்ட் ஏழு. காப்பி கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் ஏற்றிப் பார்த்தேன். ஆறு தேறிவிட்டது. ஏழாவது வினோதினி, வரலாறு இரண்டாம் ஆண்டு. 61 சதவீதம். 'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்' என்பதைக்கூட அழிக்கவில்லை மகராசி.

"நெட்ல சும்மாதானே மேடம் கெடந்துச்சு. யாரோடதும் இல்லைன்னு நெனைச்சேன்."

"அதுவா மொளைச்சுதா? எவனோ ஒருத்தன் ஒக்காந்து எழுதினதுதானே?"

அழுதாள். திரும்ப எழுதித் தரப் பத்து நாள். இல்லையென்றால் இந்த வருடம் பட்டம் கிடையாது. இரக்கப்படவில்லை.

பிற்பகல்: 13ஆம் தேதி கருத்தரங்கு. 'கருத்துத் திருட்டு: விளைவுகளும் தவிர்க்கும் வழிகளும்'. ஏற்பாடு நூலக உதவியாளர், அதாவது நான். பேனர், சால்வை, டீ, மிக்சர். சிறப்பு விருந்தினர் ந.கு. என் எம்.ஃபில். வழிகாட்டி. பதினான்கு வருடம் ஆகிறது பார்த்து. காட்சிக்கு வைக்க அவருடைய புது ஆங்கிலப் புத்தகம் முன்னாலேயே வந்துவிட்டது. முத்திரை குத்தப் பிரித்தேன்.

மூன்றாம் அத்தியாயம் என்னுடைய ஆய்வேடு.

கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தலைச்சுமையாகச் சந்தைக்கு இறக்கிய பெண்கள். நான் நடந்த பாதை, நான் வரைந்த படம், நான் பிரித்த தலைப்பு. தமிழில் நான் எழுதியதை வரி வரியாக ஆங்கிலம் ஆக்கியிருக்கிறார். முன்னுரையில் நன்றி: மனைவிக்கு, மகனுக்கு, ஓட்டுநருக்கு. ஓட்டுநருக்கு! என் பெயர் இல்லை. பின்னட்டை வரை தேடினேன்.

இனி இந்த நோட்டில் அவருக்கு மரியாதை கிடையாது. அவன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை வருவது போல் காட்டிவிட்டுப் போய்விட்டது.

அவன் அத்தியாயத்தை ஸ்கேன் செய்து சாஃப்ட்வேரில் போட்டேன். 3 சதவீதம். சுத்தமாம். வினோதினி திருடத் தெரியாமல் மாட்டினாள். இவன் மொழியை மாற்றித் தப்பிக்கிறான். என் ஆய்வேடு நெட்டில் கிடையாது. ஒரு பிரதி பழைய கல்லூரியில் எங்கேயோ. ஒன்று எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் புடவைகளுக்கு அடியில்.

சொன்னால் யார் நம்புவார்கள்? "நான் சொல்லச் சொல்லத்தானேம்மா எழுதினே" என்பான். எனக்குச் சாதகமாக ஒரு ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் இருக்கிறது. என் ஆய்வேட்டில், பக்கம் 84. எழுதக் கை கூசுகிறது. இது யாரும் பார்க்காத நோட்டு, எழுதிவிடுகிறேன்.

முப்பது பெண்களிடம் பேட்டி எடுக்கச் சொல்லியிருந்தான். இருபத்தொன்பது எடுத்தேன், வெள்ளிமலை சுற்றிலும், இரண்டு ஜோடி செருப்பு தேய. பிறகு காய்ச்சல். "முப்பது இல்லாம என் மூஞ்சில முழிக்காதே" என்றான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து முப்பதாவது ஆளை நானே உண்டாக்கினேன். செங்காயி, வயது 70. அவள் சொன்னதாக எழுதியது:

'தலையில கட்டு இருந்தா எவனும் எனக்கு வேற வேல வெக்க மாட்டான். அந்த ரெண்டு மைலுதான் எனக்கு ஓய்வு.'

அது அம்மா சொன்னது. மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்புக் கட்டு தூக்கிய காலத்தைப் பற்றி, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது.

அவன் அந்த வரியைத்தான் அத்தியாயத்தின் உச்சியில் போட்டிருக்கிறான். 'ஓய்வு' ஆங்கிலத்தில் 'விடுதலை' ஆகிவிட்டது. அதன் கீழே: 'செங்காயி இதை என்னிடம் சொன்னபோது அவர் கை நடுங்கியது. அவர் வீட்டில் கூழ் குடித்தேன்.'

குடித்தானாம். இல்லாதவள் வீட்டில். அவள் நிஜம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான் மடையன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

செங்காயி பொய் என்று என்னால் மட்டும்தான் சொல்ல முடியும். சொன்னால் அவன் மாட்டுவான். நானும் மாட்டுவேன். எம்.ஃபில். போகும். அதைக் காட்டித்தான் இந்த வேலை, அடுத்த வருடம் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. அம்மாவும் நானும் இதில்தான் சாப்பிடுகிறோம்.

யோசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

பிரின்சிபல் கூப்பிட்டார். புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். அந்த வரி பிடித்துப்போய்விட்டது.

"ஸ்டெல்லா, இந்தச் செங்காயி குடும்பத்துலேர்ந்து யாரையாச்சும் மேடையேத்தி சால்வை போத்தணும். மலைக்குப் போய் கூட்டினு வா. பேப்பர்ல போட்டோ வரும்."

"எந்த ஊருன்னு சாரையே கேட்டுடலாங்களா?" தேன் ஒழுகக் கேட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"செங்காயி தவறிட்டாங்க சார்," என்றான் அவன். "நானே மாலையோட போய்ட்டு வந்தேன். பையன் கேரளாவுல வேலைக்குப் போய்ட்டான். தேடறது கஷ்டம்."

"நாங்க தேடிடறோங்க சார். நான் ஸ்டெல்லா பேசறேன்."

"எந்த ஸ்டெல்லா?"

"உங்ககிட்ட எம்.ஃபில். பண்ணினேங்க."

"அப்படியா. எத்தனையோ பேரு பண்ணாங்கம்மா."

எத்தனையோ பேரு. சரி.

ஆகஸ்ட் 7, வியாழன்

கையேடு அடித்தேன். மாணவர்களுக்கு, ஒரு பக்கம்.

1. எங்கே படித்தாய் என்று அன்றைக்கே குறித்து வை. அப்புறம் தேடினால் கிடைக்காது.
2. படித்தபின் மூடி வைத்துவிட்டு எழுது. திறந்து வைத்தால் கை தானாகக் காப்பி அடிக்கும்.
3. அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடு.
4. மொழி மாற்றினாலும் திருட்டு திருட்டுதான். (தடித்த எழுத்து.)
5. நாள் நெருங்கிவிட்டது என்று குறுக்கு வழியில் போகாதே. போய் அவகாசம் கேள்.

ஐந்தாவதை அடிக்கும்போது கை நின்றுவிட்டது. நான் கேட்கவில்லையே.

விளைவுகள்: மதிப்பெண் பூஜ்யம், பட்டம் ரத்து, வேலை போகும், ஊர் சிரிக்கும். 200 நகல். ஜெராக்ஸ் மெஷினில் மை கம்மி.

ஆகஸ்ட் 9, சனி

மலை. கச்சிராயபாளையம் வழியாக பஸ். மேலே ஏற ஏறக் காது அடைத்தது. ஆன் டூட்டி போட்டுக்கொண்டு இல்லாதவளைத் தேடப் போகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வெள்ளையம்மாவைப் பார்த்தேன். பேட்டியில் என் பதினோராவது ஆள். பல் போய்விட்டது, ஞாபகம் போகவில்லை. "நோட்டுக்காரி வந்துகினு இருக்கா பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். புத்தகத்தில் அவள் சொன்ன பாதையின் படத்தைக் காட்டினேன்.

"இதுல என் பேரு எங்க?"

இல்லை. இருபத்தொன்பது பேரையும் 'ஒரு மலைப்பெண்' ஆக்கிவிட்டான். பெயர் இருப்பது இல்லாதவளுக்கு மட்டும்.

"எவன் அவன்? என் வூட்டுக்கு வந்ததே இல்லியே."

"அவன் மலைக்கே வந்ததில்லம்மா."

"அப்போ உட்டுட்டியா?"

விடவில்லை. இறங்கும்போது, வளைவுக்கு வளைவு, வழி தெளிந்துவிட்டது. மேடைக்கு அம்மாவைக் கூட்டிப் போவேன். 'இதை என் பொண்ணுகிட்ட சொன்னேன்' என்று அம்மா மைக்கில் சொன்னால் போதும். செங்காயி என்ற பேரை உண்டாக்கியதும் அவன்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நான் வாயே திறக்க வேண்டாம். அவன் திருட்டும் என் பொய்யும், இரண்டும் அவன் தலையில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காலேஜுல உனக்கு சால்வை போத்தறாங்க. புதன்கிழமை வரியா?"

"எனக்கா? இன்னாத்துக்குடி?"

"கரும்புக் கட்டு பத்தி ஒண்ணு சொன்னியே. அது புக்குல வந்திருக்கு." படித்துக் காட்டினேன்.

கீரையை விட்டுவிட்டாள். "நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன். அப்போ அப்டித்தான் இருந்துச்சு."

"மைக்குல கேட்டா, யார்கிட்ட சொன்னேன்னு மட்டும் சொல்லு."

"உங்கிட்டதான சொன்னேன்?"

"அதேதான்."

நீலப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். செங்காயி பற்றிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேனரில் அவன் படம் என்னை விட உயரம்.

பிரின்சிபலிடம்: "அந்த வார்த்தைக்கு உரியவங்க கெடைச்சிட்டாங்க சார்." வெரி குட் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

வீட்டில் ஆய்வேட்டை எடுத்து 84ஆம் பக்கத்தை பிளேடால் அறுத்தேன். பைண்டிங் ஒட்டி, சுத்தமாக. உற்றுப் பார்த்தால் ஒழியத் தெரியாது. நாற்பது வயதில் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் செய்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நடந்ததை நடந்தபடி.

அவன் நாற்பது நிமிடம் பேசினான். "அடுத்தவங்க எழுத்த எடுக்கறது, பசிச்சவன் தட்டுலேர்ந்து எடுக்கறது மாதிரி." கைதட்டல். நானும் தட்டினேன், பலமாக.

பிறகு அம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். செங்காயி அம்மாளின் உறவினர் என்று பிரின்சிபல் அறிவித்தார். அவனே எழுந்து சால்வை போர்த்தி, கும்பிட்டு, மைக்கில்: "அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். இவங்க வீட்டுலதான் கூழ் குடிச்சேன்."

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த வூட்ல? நான் உங்கள பாத்ததே இல்லியேங்க."

பின்வரிசையில் சிரிப்பு.

"வயசாயிடுச்சு, மறந்துட்டாங்க."

"எனக்கு ஒண்ணும் மறக்கல. நான் மலைக்கே போனதில்ல. மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு கட்டு தூக்கினவ. இத நான் சொன்னது என் பொண்ணுகிட்ட. தோ நிக்கிறா பாருங்க."

இருநூறு தலை திரும்பியது. ஆய்வேட்டைக் கொண்டுபோய் பிரின்சிபல் கையில் கொடுத்தேன். "பதினாலு வருஷத்துக்கு முன்ன நான் எழுதினதுங்க சார். சார் கையெழுத்தே இருக்கு. மூணாவது அத்தியாயத்த பக்கத்துல வெச்சுப் பாருங்க." அவர் புரட்டினார். படத்தைப் பார்த்தார், புத்தகத்தின் படத்தைப் பார்த்தார். ந.கு. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான், அது திறக்கவில்லை. நெற்றி முழுக்க வேர்வை. அந்த முகத்தைப் பார்த்த ஒரு நிமிடத்தை எதற்கும் கொடுக்க மாட்டேன். வயிறு குளிர்ந்தது.

அதோடு அம்மா மைக்கை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"ஆமா, அந்தச் செங்காயின்றது யாருடி? நான் சொன்னத அவ பேருல எதுக்குப் போட்டாங்க?"

'சாரைக் கேளும்மா.' மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்த பதில். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் என்னையே பார்த்தான். அம்மாவும் பார்த்தாள். சால்வை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது, சரிசெய்யவில்லை, என் பதிலுக்கு நின்றாள்.

"அப்படி யாரும் இல்லம்மா. நான்தான் உண்டாக்கினேன். முப்பது பேரு வேணும்னாங்க. ஒரு ஆளு கொறைஞ்சுது."

மைக் இன்னும் அம்மா கையில்தான். "என்னைய போட்டிருந்தா ஆளு சேந்திருக்குமே."

யாரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வானம் மூட்டம். காட்சி மேசையிலிருந்து புத்தகத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். சாஃப்ட்வேர் பாஸ்வேர்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அறுத்த 84ஆம் பக்கத்தை நானே பிரின்சிபலிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

வினோதினி திருத்திய புராஜெக்டோடு வந்தாள். வேறு ஆள்தான் இப்போது சரிபார்க்கிறார். 9 சதவீதம். தேறிவிட்டாள். போகிற போக்கில், "உங்களுக்கு எத்தன பர்சன்ட் மேடம்?"

கொழுப்புதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. "ஒரு பக்கம்" என்றேன்.

அம்மா சோறு போட்டாள், தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். நான் அவன் மேல் வைத்திருந்த கோபம் அம்மாவுக்கு என் மேல். நியாயம்தான், ஆனால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பல்கலைக்கழகத்துக்கு அவன் புகார் எழுதி, நகல் கல்லூரிக்கு வந்திருக்கிறது. பிரின்சிபல் படிக்கக் கொடுத்தார்.

'மேற்படி அத்தியாயத்தில் உள்ள தவறான தகவலுக்கு நான் பொறுப்பல்ல. என் மாணவி ஸ்டெல்லா தம் ஆய்வேட்டின் 84ஆம் பக்கத்தில் தந்த பொய்ப் பேட்டியை நம்பியே அதை எழுதினேன். பக்கத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.'

இரண்டு முறை படித்தேன். பழைய கல்லூரிப் பிரதி அவன் வீட்டில்தான் இருந்திருக்கிறது, இத்தனை வருடம். என்னை மாட்டிவிடும் அவசரத்தில் தன் கைப்பட ஒப்புக்கொண்டுவிட்டான். பெயர் போட்டு, பக்கம் போட்டு. புத்தகத்தில் போட மறுத்ததைப் புகாரில் போட்டிருக்கிறான். பிரின்சிபல் முன்னாலேயே சிரித்துவிட்டேன்.

"சிரிக்கிற நெலமையா இது? உன் டிகிரியும் போகும்மா."

"போகட்டுங்க சார். அவரோட பேரு போறத பாத்துட்டுப் போகட்டும்."

மூன்று நாளில் என் விளக்கம் தர வேண்டும். வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாள் எடுத்தேன். ஆம், செங்காயி என் கற்பனை, என்று முதல் வரி. அந்த வார்த்தைகளை உண்மையில் சொன்னவர், என்று இரண்டாவது. அதற்கு மேல் ஓடவில்லை. அம்மா அடுப்படியில் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் பேர எப்படி எழுதறது? ரேஷன் கார்டுல இருக்கிற மாதிரியா, ஞானஸ்நான சர்டிபிகேட்ல இருக்கிற மாதிரியா?"

ஐந்து நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ரெண்டுலயும் தப்பா போட்டிருக்கானுவ. நான் சொல்றேன், நீ எழுது."