கத்தி எடுக்குமுன் ஒரு சொல்

அன்பிற்கினிய அத்தாலசே,

யூதரைப் போல் நுனித்தோல் நீக்கி விருத்தசேதனம் செய்துகொள்ள நீ நாள் குறித்துவிட்டாய் என்று இக்கோனியம் நகரிலிருந்து வந்தவர் சொன்னார். எங்கள் யூதத் திருச்சட்டத்தைச் சுமந்தால்தான் மீட்பு என்று நீ நம்புகிறாயாம்.

நீ முதன்முதலில் எங்கள் வீட்டு அன்பு விருந்துக்கு வந்த மாலையை நினைக்கிறேன். யூதர் பன்றி உண்ணார் என்பதை அறியாமல், பன்றிக்கால் குழம்பைப் பானையோடு தூக்கி வந்தாய். கூடியிருந்தோர் திகைத்தனர். என் மனைவி சூசன்னாள் மட்டும் சிரித்தாள்.

"ஏண்ணே, எங்க முப்பாட்டன் அத்தனை பேரையும் கல்லறையிலேருந்து எழுப்பிட்டீங்களே. பானை வாசல்லயே இருக்கட்டும்."

"அப்ப நானும் வாசல்லதானா தங்கச்சி?"

"நம்பி வந்தவரை யாரு வாசல்ல நிறுத்துவா? உள்ள வந்து உக்காருங்க."

ஒரே அப்பத்தைப் பிட்டு உண்டோம். உன் நம்பிக்கைக்கு மேல் எவரும் எதையும் கேட்கவில்லை. அத்தகைய மாலைகள் ஈராண்டு நமக்கு வாய்த்தன.

பிறகு, விருத்தசேதனம் செய்யாதவரோடு பந்தியில் அமராத யூதர் இருவர் எருசலேமிலிருந்து வந்தனர். நான் உன் அருகிலிருந்து எழுந்து அவர்கள் பந்தியில் அமர்ந்தேன். திருச்சட்டமே என்னை எழுப்பியது என்று நீ எண்ணினாய். அவர்கள் பழிப்பார்களே என்ற அச்சத்தால் எழுந்தேன், அத்தாலசே.

என் கோழைத்தனத்துக்காக உன் உடலில் கத்தி படலாகாது.

உன்னைத் தனியே விட்டெழுந்த
சகோதரன்