பக்கத்துத் தோட்டத்து டேங்க்

இன்று காலை செம்பூர் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் திராட்சைப் பெட்டியைப் பிரித்தார். பழம் கெடாமலிருக்க மூடிக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் தாளிலிருந்து அந்த நெடி வந்தது. தீக்குச்சி அணைந்ததும் வருமே, அந்தக் கந்தக நெடி. கண் கரித்தது. பழம் வாங்காமல் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். வாஷி ரயிலில் ஜன்னலோரம் காலியாக இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

நீ ஜி.டி.பி. நகரில் ஏறி, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு, செம்பூர் வரும்வரை எனக்காகச் சண்டை போடுவாய். நான் ஏறியதும், "ஒன் ஒருத்திக்காக அரை வண்டியப் பகைச்சிருக்கேன், உக்காருட்டி" என்பாய்.

பத்து வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருந்தோம். நாசிக் பக்கம் முதல்முறையாக வெளிநாட்டுக்குத் திராட்சை அனுப்பும் சிறு விவசாயிகளுக்குத் துணைநிற்பது நம் வேலை. எந்த மருந்தை அடிக்கலாம், எதை அடித்தால் பழத்தை அங்கே ஏற்கமாட்டார்கள் என்று போனில் சொல்ல வேண்டும். நான் அனுமதி உள்ள மருந்துகளின் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தேன். நீ கதை பேசினாய். பாதி நீ வளர்ந்த ஆண்டாப் ஹில் இந்தி, பாதி மராத்தி, கோபம் வந்தால் திருநெல்வேலி. மழை பெய்ததா, மோட்டார் ஓடுகிறதா, மருந்தடிக்கும் டேங்க் யாருடையது, பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்ன பயிர் வைத்திருக்கிறான் என்று ஒவ்வொரு அழைப்பும் நீளும்.

"அடுப்புல என்ன இருக்குன்னும் கேட்டாச்சா?" என்று கிண்டல் செய்வேன்.

"கேட்டாச்சு. கத்திரிக்காயாம். ஒனக்கு ஒரு கிண்ணம் அனுப்பச் சொல்லவா?"

சுனந்தா தாயியை விவசாயிகள் குழுவுக்குள் கொண்டுவந்தவள் நீதான். தாயி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. கணவர் இறந்ததும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னபோது, தானே கொடியைக் கவாத்து செய்யக் கற்றுக்கொண்டவர். பெட்டியில் தன் பெயர் இருக்குமா என்று உன்னிடம் கேட்டார். பெயர் இருக்காது, தோட்டத்து நம்பர் இருக்கும் என்றாய். "நம்பர் போதும்" என்றாராம். அதை நீ என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாய்.

அந்த வருடம் தாயியின் பழம் பரிசோதனையில் தேறியது. அறுவடைக்குச் சில நாட்களே இருந்தபோது பருவம் தப்பிய மழை பிடித்தது. அன்று காலை நீ ஸ்கேனுக்குப் போயிருந்தாய். உன் ஆபீஸ் போன் என்னிடம் இருந்தது. தாயி அழைத்தார். இலையில் சாம்பல் நோய் தெரிகிறது, கந்தகம் அடிக்கலாமா என்றார். பட்டியலில் இருந்தது. அடிக்கலாம் என்றேன். "என் டேங்க் பழுது. பக்கத்துத் தோட்டத்துல வாங்கி" என்று அவர் தொடங்கும்போது இன்னொரு போன் அடித்தது. "மருந்து சரிதான் தாயி, டைரியில எழுதிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பழம் உள்ளூர் சந்தைக்குப் போவது. அந்த டேங்கில் அதற்குமுன் கலந்திருந்தது நம் பட்டியலில் இல்லாத பூச்சிமருந்து. அடியில் கொஞ்சம் தங்கியிருந்திருக்கிறது. கண்டெய்னரை வெளிநாட்டுத் துறைமுகத்தில் திறந்து சோதித்தபோது அந்த மருந்து பிடிபட்டது. குழுவில் இருந்த எல்லோருடைய பழமும் அதற்குள்தான் இருந்தது. மொத்தத்தையும் அழித்தார்கள். கம்பெனி அந்தக் குழுவையே கைவிட்டது.

அழைப்பு உன் போனுக்கு வந்ததால் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டார். நானும் அங்கே நின்றேன். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். "நான்தான் எடுத்தேன் சார். டேங்கைப் பத்திக் கேக்க விட்டுப்போச்சு." நான் வாய் திறக்கவில்லை.

அன்று திரும்பும் ரயில் மான்குர்த்தைத் தாண்டியது. பிறகு சொன்னாய்: "எனக்கு இன்னும் எத்தன நாள் ஆபீஸுன்னு டாக்டருக்கே தெரியல. ஒனக்கு ரெண்டு பிள்ளைய படிக்கி. விடுட்டி." நீ திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இறங்கும்போது கையைப் பிடித்தாய். "தாயிக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிரு. எல்லாம் தன்னாலதான்னு நெனச்சுக் கெடப்பா."

அந்த ஒன்றைத்தான் கேட்டாய். நான் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று போய், உன்னை சீவ்ரி கல்லறையில் வைத்துவிட்டும் வந்தோம். மூன்று வருடமாகிறது. உன் நாற்காலியில் இருந்தபடி இப்போது நானும் ஒவ்வொருவரிடமும் டேங்க் யாருடையது என்று கேட்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எனக்குப் பின்னால் சிரிக்கிறார்கள்.

இன்று அந்த நெடி கண்ணில் இருக்கும்போதே தாயியை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் நான் யாரென்று தெரிந்துகொண்டார். திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டாராம். வெங்காயம் போட்டிருக்கிறார். அன்று போனை எடுத்தது நான், முழுதாகக் கேட்காமல் வைத்ததும் நான் என்றேன்.

"எடுத்தது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். டேங்கைக் கழுவாதது நான்தானே" என்றார். பிறகு, "அவ எப்படி இருக்கா? அவ சொந்த நம்பருக்கு எத்தனை தடவை அடிச்சேன், போன் அணைஞ்சே கிடக்கு. என் மேல அவ்வளவு கோபமா?" என்று கேட்டார்.

மூன்று வருடமாக அவர் அப்படி நினைத்திருக்கிறார். நீ இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

சொன்னேன். அவர் அழவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டார். போனை வைக்க என்னால் முடியவில்லை. மழை பெய்ததா என்றேன். மோட்டார் ஓடுகிறதா என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், அடுப்பில் என்ன இருக்கிறது என்றேன்.

"இன்னும் பத்த வைக்கல" என்றார்.

உன் பெயரில் கிடக்கும் என் தவறை மேனேஜரிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். அதற்குமுன் உனக்கு எழுதிவிட நினைத்தேன்.