தாடை எலும்புக்கு ஒரு பூசை

இல்ஃபோர்ட், லண்டன்
ஐப்பசி 2007

அன்பின் பியற்றிஸ்,

மாதாவின் காவலில் நான் சுகம். உன் இருமல் குறைந்ததா? எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா?

நாங்கள் மாடிவீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் இடத்தில் முன்னொரு காலம் உரத் தொழிற்சாலை இருந்ததாம். போன கிழமை தோண்டத் தோண்ட எலும்பாகவே வந்தது. பயப்படாதே, மாட்டெலும்புதான். எலும்பிலுள்ள பொஸ்பேற் என்ற உரச்சத்து தண்ணீரில் இலேசில் கரையாதாம். அரைத்துக் கந்தக அமிலம் ஊற்றினால்தான் பயிருக்குச் சேருமாம். என்னோடு வேலை செய்யும் சந்திரகுமார் அண்ணை சொன்னார், அவர் முன்பு ஜெர்மனியில் உரக் கம்பனியில் இருந்தவர்.

பிறகு என் மண்வெட்டியில் ஒரு தாடை வந்தது. அண்ணை தொப்பியைக் கழற்றினார்.

"இது மாடில்லையடா, மனுசன்."

"இஞ்ச எப்பிடி அண்ணை?"

"உரத்துக்கெண்டு அந்தக் காலத்திலை கம்பனிக்காரர் கப்பல் கப்பலா எலும்பு வாங்கினவங்கள். ஆருடையதெண்டு ஆர் கேட்டது? மிச்சமெல்லாம் கரைஞ்சு கோதுமையாப் போயிருக்கும்."

பொலிஸ் வந்து அதை எடுத்துப்போனது. அன்றிலிருந்து கோதுமைப் பாணைத் தொடவில்லை. சோறுதான் சமைக்கிறேன், கொஞ்சம் கறித்தூள் அனுப்பு.

ஞாயிறு கோவிலில் அந்த மனிதனுக்காகப் பூசை கேட்டேன். "ஆருடைய பேரிலை?" என்றார் பாதர். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காணாமல் போன உன் தம்பி ஜெஸ்ரினின் பெயர் வந்துவிட்டது. அவன் வருவான் என்று நாம் இன்னும் இறந்தோர் பூசை கொடுக்கவில்லை. கோபிக்காதே.

பூசையில் அந்தப் பெயரை வாசித்தபோது பின்வரிசை வாங்கிலிருந்து, பேர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல "ஓம்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். அங்கே ஒருவரும் இல்லை.

மாமியிடம் சொல்லாதே. அவனைப் பற்றி ஏதும் தெரிந்தால் உடனே போன் எடு. ஷிப்டுக்கு நேரமாகிறது.

உன்
நிமலன்